பதிமூன்றாவது பல்

பீங்கானுக்குக் கூச்சம் வராது. பல் செய்து பிழைக்கிற அவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது. தாடை எலும்பில் இறக்கிய ஒரு டைட்டானியம் திருகு, அதன் தலையில் ஒரு பீங்கான் பல், அவ்வளவுதான் இம்ப்ளான்ட். பனிக்கட்டியைக் கடித்தாலும் அதற்குத் தெரியாது, கொதிக்கக் கொதிக்கக் குடித்தாலும் தெரியாது. அப்படியிருக்க, புதுப் பல் பொருத்திய நான்காம் நாள் காலையில், குளிர்ந்த தண்ணீரை வாயில் விட்டதும் கீழ் இடதுபக்கம் சுரீரென்று இழுத்தது.

டம்ளரை வைத்துவிட்டு அசையாமல் நின்றான். பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று நினைத்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். முன்னால் இருந்தது சும்மா இருந்தது. பின்னால் இருந்ததும் அப்படியே. நடுவில் இருந்த பீங்கானைத் தட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏங்க, காலங்காத்தால கண்ணாடி முன்னாடி என்ன ஆராய்ச்சி?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"புதுப் பல்லு கூசுதும்மா."

"அது சரி. பீங்கான் கப்பு, காபி சுடுதுன்னு அழுதுச்சாம்."

அவனும் சிரித்தான். சிரித்தபோது மேலுதடு வழக்கத்தைவிட ஒரு நூல் அதிகமாக ஏறியது போலிருந்தது. கண்ணாடியை மறுபடி பார்ப்பதற்குள் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மகளுக்கு ஆறு வயது. பென்சில் முனையிலிருந்து தலையணை ஓரம் வரை எல்லாவற்றையும் கொறிப்பதால் அவன் அவளை எலி என்றுதான் கூப்பிடுவான். வேறு யார் அப்படிக் கூப்பிட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்பா கூப்பிட்டால் மட்டும் எங்கிருந்தாலும் வந்து நிற்பாள். அவளுக்குக் கீழ் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் அவன் வேலைவிட்டு வந்ததும் 'ஆ' காட்டுவாள். அவன் விரல்நுனியால் அசைத்துப் பார்த்து, "இன்னும் நாளாகும்" என்பான். அடுத்தது அவள் முறை. அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் வாய்க்குள் விரலை விட்டு, கீழ்வரிசையை வலதுகோடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். பன்னிரண்டு வரைக்கும் பல். பதிமூன்றில் விரல் பொத்தென்று ஈறில் விழும். "கதவு திறந்திருக்கு!" என்று கத்திக்கொண்டே சிரிப்பாள். இரண்டு வருடமாக இதே விளையாட்டு, இதே சிரிப்பு. நான்கு நாளுக்கு முன் பதிமூன்றில் பல் தட்டுப்பட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"கதவ மூடிட்டாங்களாப்பா?" என்று கேட்டாள்.

அவனுடைய லேப், நகலெடுக்கும் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. ஈரப் பிளாஸ்டரின் சுண்ணாம்பு வாசனையும் உருகிய மெழுகின் வாசனையும் சட்டையைவிட்டுப் போகவே போகாது. அரைக்கும் இயந்திரம் நின்றதும் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள். பெட்டிக்கு ஒரு வாய். கிளினிக்கில் எடுக்கிற அளவை வைத்து மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் பிளாஸ்டரில் வார்த்து, கீல் வைத்த சட்டத்தில் மாட்டி, திறந்து மூடிக் கடிக்கவிட்டுப் பார்த்துத்தான் பல் செய்ய வேண்டும். வாய்க்காரர்களின் முகத்தை அவன் பார்த்ததே கிடையாது. அச்சின் அடியில் பென்சிலால் ஒரு பட்டப்பெயர் எழுதிவைப்பான்: கஞ்சன் கடி, தேய்ஞ்ச மாமா, முயல். அதுவும் ஒரு விளையாட்டுக்குத்தான். ஒரு தடவை பார்த்த பல்வரிசையை அவன் மறக்கவே மாட்டான், அடியைத் திருப்பிப் பெயர் பார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"ஊருக்கெல்லாம் பல்லு செய்றவர் வாயில ஓட்டையா?" என்று கிளினிக் டாக்டரம்மா கேலி செய்து செய்தே அவனை நாற்காலியில் உட்காரவைத்துத் திருகை இறக்கினாள். எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்று மாதம் ஆகும் என்றாள். அவன் வாய் அச்சும் லேபுக்கு வந்தது. அதன் அடியில் 'நான்தான்' என்று எழுதித் தட்டில் வைத்தான். அந்த மூன்று மாதமும் மற்றவர்களின் பல்லைச் செய்தான். தன் பல்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினான். கடைசியில் டாக்டரம்மா போன் செய்து, "இன்னைக்கு அஞ்சு மணிக்கு வந்துடுங்க, பல்லு ரெடிதானே?" என்று கேட்டபோது மணி மூன்று. "ரெடி டாக்டர்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான்.

மேல்தட்டில் ஒரு பெட்டி பதினான்கு மாதமாகக் கிடந்தது. சீட்டில், 'பெண், 58, கீழ் இடது, இம்ப்ளான்ட்' என்று இருந்தது. மூலையில் கிளினிக் வரவேற்புப் பெண்ணின் கையெழுத்து: 'வருவாங்க. வெச்சிருங்க.' அந்த வாய்க்கு அவன் வைத்த பெயர் குறுக்குப்பல். கீழ் முன்பற்கள் இரண்டும், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. மேல் வலதுபக்கம் பல்லே கிடையாது, வெறும் ஈறு. வராத வாயை ஒரு வருடத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, சுத்தியலால் உடைத்துக் கொட்டிவிட வேண்டும் என்பது அவன் லேபில் வழக்கம். இதை மட்டும் உடைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவன் கையால் செய்ததிலேயே அருமையான பல் அது. பள்ளமும் மேடும், விளிம்பில் லேசான காவிநிறமுமாக, ஈறிலிருந்து முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

அதே இடம். அதே திருகு அளவு. பக்கவாட்டில் ஒரு மயிரிழை அரைத்து, பளபளப்பாக்கி, எடுத்துக்கொண்டு போனான். டாக்டரம்மா அதைத் திருகி உட்காரவைத்துவிட்டு, "உங்களுக்குன்னே பொறந்த பல்லுங்க இது" என்றாள். அவன் உண்மையைச் சொல்லவில்லை. இன்னொருத்தர் காலில் போட்டுக் கழற்றிய செருப்பா என்ன? யாரும் போடாத பல்தானே என்று நினைத்துக்கொண்டான்.

கூச்சம் இரண்டு நாளில் போயிற்று. அதற்குப் பதிலாகப் பசி வந்தது.

முதலில் மனைவிக்குச் சந்தோஷம். இரண்டு ரொட்டியோடு எழுந்துவிடுகிறவன் ஐந்து, ஆறு என்று கேட்டால் எந்த வீட்டில்தான் வேண்டாம் என்பார்கள்? "வயித்துக்குள்ள யாரையாவது குடிவெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள். அவன் மென்றுகொண்டிருந்தான். இடதுபக்கமாகவே மென்றான். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை அரைத்து, அரைத்து, நாக்கால் ஒதுக்கி மறுபடி அரைத்தான். மின்விசிறி நின்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சாப்பாட்டு அறை முழுக்க அந்தச் சத்தம்தான். ஈரமான, நிதானமான சத்தம். மகள் ஸ்பூனைக் கையில் வைத்தபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியாகி, தொண்டையில் கடைசி வாயும் இறங்கியது. அப்புறமும் தாடை அசைந்தது. நிறுத்து என்று அவன் நினைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று தடவை வெறும் வாயை மென்ற பிறகுதான் அது நின்றது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மகள் கையை விட்டுவிட்டு, "போயிட்டு வா எலி" என்று சொல்லப் போனான்.

"போயிட்டு வா கண்ணு" என்றது வாய்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "ஏம்ப்பா எலின்னு சொல்லல?"

சொல்லத்தான் வாயெடுத்தான். உதடு ஒட்டிக்கொண்டது. நாக்கு கீழேயே கிடந்தது. மறுபடி முயன்றபோது உதடுகள் விரிந்து, அவனுக்குப் பழக்கமில்லாத ஒரு சிரிப்பாக நின்றன. மகள் பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள். வாசலில் நின்றபடி நாக்கால் பல்லைத் துழாவினான். கீழ் முன்பற்களில் ஒன்று இன்னொன்றின்மேல் சாய்ந்திருந்தது.

பல் இப்படி ஒரு வாரத்தில் நகராது. கம்பி போட்டு இழுத்தாலும் மாதக்கணக்கு ஆகும். அவன் லேபுக்கு ஓடினான். கதவைத் தாழிட்டுவிட்டு, ஒரு மெழுகுத் தகட்டை வெந்நீரில் காட்டி இளக்கி, வாயில் வைத்துக் கடித்தான். தகட்டின் கீழ்ப்பக்கம் கீழ்வரிசையின் பள்ளங்கள் வரிசையாக விழுந்தன. அதை 'நான்தான்' அச்சின்மேல் வைத்துப் பார்த்தான். உட்காரவில்லை, முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. திருப்பி வைத்தாலும் ஆடியது. மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினான். குறுக்குப்பல்லின் கீழ்த்தாடையை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் மெழுகை வைத்தான்.

டக்கென்று உட்கார்ந்தது. ஒரு இழை இடைவெளி இல்லை.

அன்று மத்தியானமே கிளினிக்குக்குப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். டாக்டர், தப்புப் பண்ணிட்டேன். வேற ஒருத்தர் பல்ல வெச்சுக்கிட்டேன். கழட்டிடுங்க. மூன்றே வாக்கியம்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்றாள் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றது வாய். அவன் குரல்தான். அவன் பேசுகிற தோரணையேதான்.

பேசுவதை விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பெட்டியின் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். கை இன்னும் அவனுடையதாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா படித்துவிட்டு உச்சுக் கொட்டினாள். "அட, இந்தம்மாவா? பாவங்க அவங்க. பல்லு வைக்கறதுக்கு முந்தின நாள் மாரடைப்புல போயிட்டாங்க. மேல வலதுபக்கம் பல்லே இல்ல, இடதுபக்கம் இந்த ஒண்ணு குறை. எதையும் மெல்ல முடியாம ரெண்டு வருஷம் எல்லாத்தையும் அரைச்சுக் குடிச்சாங்க. எப்ப வந்தாலும் ஒரே பேச்சுதான். 'பல்லு வரட்டும் டாக்டர், வயிறார மென்னு தின்னணும், கடக்குமுடக்குன்னு கடிச்சுத் தின்னணும்'னு சொல்லிட்டே இருப்பாங்க. என் பல்லு வந்துருச்சா, வந்துருச்சான்னு தினம் போன் வேற. அப்ப உங்க லேப்ல மூணு வாரம் லேட் ஆச்சுல்ல? ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. செய்து முடித்த பல்லைக் கொடுக்க மனமில்லாமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூன்று வாரம் நிறம் தீட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். தன் கைவேலையைத் தானே பார்த்துப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஒருத்தி பசியோடு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

விரலை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லைக் காட்டி, கழற்றுங்கள் என்று சைகை செய்தான். டாக்டரம்மா திருகுக்கு மேலிருந்த அடைப்பை எடுத்துவிட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எலும்பு நல்லாப் பிடிச்சுக்கிச்சு. இப்படிப் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. இதுக்குமேல கட்டாயப்படுத்தினா தாடையே உடைஞ்சிரும். எதுக்குக் கழட்டணும்? ஏதாவது தொந்தரவா?"

"ஒரு தொந்தரவும் இல்ல டாக்டர். சும்மா ஒரு பயம்" என்று சிரித்தது வாய். டாக்டரம்மாவும் சிரித்து, தோளில் தட்டி அனுப்பினாள்.

வீட்டில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி மனைவியிடம் நீட்டினான். பெட்டி, சீட்டு, செத்துப்போனவள், மெழுகு, எலி என்று கூப்பிட முடியாதது, எல்லாம். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அவள் நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது.

"என்னங்க இது? பயமுறுத்தறீங்களே!"

"கதை எழுதிப் பார்த்தேம்மா. எப்படி இருக்கு?" என்றது வாய்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க. உங்களுக்குப் பல்லு வந்து புத்தி போச்சு" என்று தாளை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவன் தலையை ஆட்டினான், அவள் கையைப் பிடித்து இழுத்தான், கண் கலங்கினான். "அய்ய, நடிப்பு வேற" என்றாள் அவள். எழுதுகிற கையை யார் நம்புவார்கள்? பேசுகிற வாயைத்தானே நம்புவார்கள். அன்று ராத்திரி முழுக்க அவன் அழுதான். வாய் மட்டும் அழவில்லை.

மறுநாள் லேபில், கைகழுவும் தொட்டியின்மேல் குனிந்தபோது மேல் வலதுபக்கம் ஏதோ இளகியது. துப்பினான். ஒரு பல் விழுந்தது. சொத்தையில்லாத, முழுசான கடைவாய்ப்பல். பின்னாலேயே இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு. ரத்தம் இல்லை. வலி இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது அந்த இடம் வழவழவென்று, வருடக்கணக்காகப் பல்லே இல்லாத ஈறு மாதிரி மூடியிருந்தது.

உடைத்துவிட வேண்டும். அதுதான் அப்போது அவனுக்குத் தோன்றிய ஒரே வழி. வராத வாயை உடைத்துக் கொட்டியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது, இப்போதாவது உடைத்துவிடலாம். குறுக்குப்பல்லின் அச்சு முந்தின நாள் வைத்த இடத்திலேயே, அவன் அச்சுக்குப் பக்கத்தில், மேசைமேல் இருக்க வேண்டும். இருந்தது. குறுக்காக ஏறிய அந்த இரண்டு முன்பற்களைப் பார்த்ததும் அவனுக்கு வெறி வந்தது. சுத்தியலை ஓங்கி ஒரே போடு. இன்னொரு போடு. வெள்ளைத் தூள் எழுந்து கண்ணை மறைத்தது. தூளாகும் வரை அடித்தான். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது நெஞ்சு லேசானது போலிருந்தது.

தொட்டியில் கொட்டுவதற்காகத் துண்டுகளைத் திரட்டினான். அடிப்பாகத்துத் துண்டுகள் இரண்டு பெரிதாகக் கிடந்தன. ஒன்றில் பென்சில் கோடு தெரிந்தது. திருப்பினான். இரண்டையும் சேர்த்து வைத்தான்.

'நான்தான்.'

அவனுடைய கையெழுத்து. உடைத்தது அவன் அச்சை. பிளாஸ்டர் காய்ந்தால் கல். கல்லில் பல் நகராது. ஆனால் அவன் அச்சிலும் பற்கள் குறுக்காக ஏறியிருந்திருக்கின்றன, அவன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்றைக்குத்தான் பார்த்தான்? மேசையின் மறுகோடியில் மூடியபடி அந்தப் பெட்டி இருந்தது. அதைத் தான் மூடியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. மூடியைத் தூக்கினான். உள்ளே குறுக்குப்பல் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், கீல் சட்டத்தில் வாயைப் பிளந்தபடி இருந்தது. சுத்தியலைத் தூக்கினான். தாடைக்குள் ஒரு வலி வந்தது பாருங்கள், முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சுத்தியல் எங்கோ உருண்டு போயிற்று. இனிமேல் அதை உடைத்தால் எது உடையும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

போன் அடித்தது. மனைவி. மருந்துக்கடையில் அவளுக்குச் சாயங்கால வேலை. ஒன்பது மணிக்குத்தான் திரும்புவாள்.

"எங்க இருக்கீங்க? நான் கிளம்பணும். பாப்பா தனியா இருப்பா, சீக்கிரம் வாங்க."

வரமாட்டேன் என்று சொல். எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போ என்று சொல். சொல்லேன்.

"வந்துட்டே இருக்கேம்மா" என்றது வாய்.

போகாமல் இருந்துவிடலாம்தான். ஆறு வயதுக் குழந்தை பூட்டாத வீட்டில் ஒன்பது மணி வரை தனியாக இருக்கும். அவன் ஒரு தாளை எடுத்து, பெரிய பெரிய எழுத்தாக, 'எதிர் வீட்டுக்குப் போ' என்று எழுதினான். துண்டை எடுத்து மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினான். தாளைக் கொடுத்துவிட வேண்டும். அவள் எதிர்வீட்டுக்குப் போனதும் எங்காவது போய்விட வேண்டும். எங்கே என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. ரொட்டிக்கடையைத் தாண்டும்போது துண்டுக்குள் தாடை அசைந்தது.

கதவைத் திறந்ததும் மகள் ஓடிவந்தாள். "அப்பா, பல்லு வலியா? ஏன் பொட்டலம் கட்டியிருக்கீங்க?"

அவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டு தாளை நீட்டினான். மகள் வாங்கிக்கொண்டு, விளக்குக்குக் கீழே போய், விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"எ... தி... ர்... எதிர்."

ஆமாம். ஆமாம் எலி. சீக்கிரம்.

"வீ... ட்... வீட்... டு... வீட்டு..."

அவன் எதிர்வீட்டைக் கைநீட்டிக் காட்டினான். துண்டுக்குள் தாடை இறங்கியது. முடிச்சு இளகவில்லை. துணிதான் விட்டுக்கொடுத்தது, இழை இழையாக.

"அத கீழ போடு கண்ணு. பல்லு வலி போயிருச்சு. வா, எண்ணலாம்."

தாள் தரையில் விழுந்தது. "ஐ, எண்ணலாமா?" நாலு நாளாக அப்பா மடியில் உட்காரவிடாத ஏக்கம் அவளுக்கு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் காலை ஊன்றி நின்றான். நின்றவனின் தாடைக்குள் அந்த வலி மறுபடி வந்தது. கால் மடிந்தது. சுவரோரமாக, தரையில், சாய்ந்து விழுந்தான். விழுந்த அப்பாவைப் பார்த்து அவள் சிரித்தாள். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு துண்டை அவிழ்த்தாள். அவளைத் தள்ளக் கையைத் தூக்கினான்.

அதற்குள் விரல் உள்ளே போய்விட்டது.

"ஒண்ணு."

தாடை இறங்கி வந்தது. மெதுவாக. கீல் சட்டம் மாதிரி.

தள்ளப் போன கைகளைத் திருப்பி, இரண்டு கட்டைவிரலையும் பற்களுக்கு நடுவே செருகினான். கையை எடுத்தால் வாய் மூடும். எடுக்காவிட்டால் அவளைத் தள்ள முடியாது. தலையைப் பின்னுக்கு இழுத்தான். சுவர்.

"ரெண்டு. மூணு. நாலு."

கத்த முடியவில்லை. மூக்கால் மூச்சு விட்டான். கண்ணை அகல விரித்துக் காட்டினான். போ. எலி, போ.

"அப்பா மூஞ்ச பாரு!" என்று அவள் சிரித்தாள். "அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. இது ஏம்ப்பா இதுமேல ஏறி உக்காந்திருக்கு?"

கட்டைவிரல் எலும்பில் பல் பதிந்தது. இன்னும் ஒரு நூல் மூடியது வாய்.

"ஒம்பது. பத்து. கைய எடுங்கப்பா, மறைக்குது."

மணி ஆறரை. ஒன்பதுக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

"பதினொண்ணு."

இடது கட்டைவிரல் நழுவியது.

"பன்னெண்டு."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எட்டி, இன்னும் உள்ளே விரலை நீட்டினாள். கதவு இருந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பதிமூணு."

பீங்கானுக்குக் கூச்சம் வராது. அந்தச் சின்ன விரலின் சூடு பட்டதும் பல் சிலிர்த்தது. வாய் முழுக்க எச்சில் ஊறியது.